பஸ் எந்தப் பக்கம் திரும்பிற்று?

1

போன மாதம் நைரோபியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய ஹிந்திப் படம் வந்தது. யுத்தம் முடிந்த சமயத்தில் சென்னையில் அதைப் பார்த்தவர்களுக்குக் 'கரி பஸ் படம்' என்றால் போதும், உடனே சிரித்துவிடுவார்கள். அதன் ஹிந்திப் பெயரை மயிலாப்பூரில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை என் பெண் படித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்து, மறந்தும் போயிற்று.

அந்தப் படத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்து வருகிறது. நாங்கள் கப்பலேறுவதற்கு முன்பே ஆரம்பித்த வழக்கு. படத்தின் கடைசியில் கல்யாணப் பெண் ஒரே ஒரு வாக்கியம் பேசுகிறாள். அது என்ன வாக்கியம் என்பதுதான் தகராறு. எங்காத்துக்காரர் ஒன்று சொல்வார், நான் வேறொன்று சொல்வேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒற்றுமை உண்டு.

ஒரே கொட்டகையில் ஒரே ஆட்டத்தில் உட்கார்ந்து பார்த்த புருஷனும் பெண்டாட்டியும் இப்படிச் சண்டை போடலாமா என்று கேட்பீர்கள். மயிலாப்பூரில் நாங்கள் ஹிந்திப் படம் பார்த்த விதத்தைச் சொன்னால் கேட்கமாட்டீர்கள்.

2

அப்போது மந்தைவெளியில் குடியிருந்தோம். நாங்கள் போகும் கொட்டகையில் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு மரத் தடுப்பு இருக்கும். அந்தப் பக்கம் புருஷர்கள், இந்தப் பக்கம் ஸ்திரீகள். தமிழ்ப் படமென்றால் தடுப்பினால் ஒன்றும் நஷ்டமில்லை. ஹிந்திப் படமென்றால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கதை சொல்ல ஆள் வேண்டும். வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் தமிழில்தான் இருக்கும். ஆனால் நல்ல கட்டத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவான். வெள்ளித்திரையில் மீதி முழுக்க ஹிந்தியில் நடக்கும்.

பெண்கள் பக்கம் எங்களுக்கு வாய்த்தவள் பங்கஜம். அடுத்த வீட்டுக்காரி. பஸ் ஏறித் தியாகராய நகர் போய் ஹிந்தி வகுப்பில் படித்துப் பரீட்சைகள் பாஸ் செய்தவள். அவளுக்கு நாங்கள் டிக்கெட் எடுப்போம். அவள் நடுவில் உட்கார வேண்டும், இன்டர்வல் தவிர வாயை மூடக்கூடாது. இதுதான் ஒப்பந்தம். ஆண்கள் பக்கம் அமீர் பாய். மாம்பலத்தில் தையல் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது பேசுகிறவர் ஆகையால் அவருக்கு ஹிந்திப் படம் தண்ணீர் பட்ட பாடு. இருவரும் ஏக காலத்தில் கதை சொல்வார்கள். பங்கஜம் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடிக்கும். நாங்கள் மூக்கைச் சிந்துகிற இடத்தில் அவர்கள் கை தட்டியதும் உண்டு.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒரு கிழட்டுப் பஸ். அதை ஓட்டுகிறவனும் கண்டக்டரும் மைத்துனர்கள். ஏதோ பழைய சண்டையில் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. 'பிரேக் போடச் சொல்லு அவனை' என்று ஒருவன் பிரயாணியிடம் சொல்வான். 'போட்டாச்சு என்று சொல்லு அவனிடம்' என்று மற்றவன் அதே பிரயாணியிடம் சொல்வான். இந்தப் பஸ்ஸில் ஒரு கல்யாணப் பெண்ணைப் புக்ககத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். கூடவே சீராகக் கொடுத்த எருமை ஒன்று. கண்டக்டர் எருமைக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறான். பெண் முகத்தை முக்காடு போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வழி நெடுக ஏறுகிறவர்கள் எல்லாரும் அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். மாமியாரிடம் எப்படி நடக்க வேண்டும், எவ்வளவு உப்புப் போட வேண்டும், எப்போது அழ வேண்டும். நாட்டு வைத்தியர் ஒருவர் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்து எருமைக்கு மருந்து கொடுக்கிறார். அவள் வாயே திறப்பதில்லை.

பாலத்தில் ஏற முடியாமல் பஸ் நின்றுபோகும் கட்டம் வந்தபோது எங்கள் கொட்டகையே எழுந்து நின்றது. ஏனென்றால் அது நம்மூர்ப் பஸ். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு பஸ்கள் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்றுப் பாலத்தடியில் அது பெருமூச்சு விட்டு நிற்கும். 'ஆம்பிளைங்கல்லாம் எறங்கி ஒரு கை குடுங்கப்பா' என்பான் கண்டக்டர். வெள்ளை வேஷ்டியோடு இறங்கித் தள்ளிய எங்காத்துக்காரர் கரி பூசிக்கொண்டு திரும்பி வந்து ஏறுவார். நாங்கள் பெண்கள் உள்ளேயே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். படத்தில் அந்த எருமையும் அப்படியே உள்ளே நின்று, ஜன்னல் வழியாகத் தள்ளுகிறவர்களைப் பார்த்து அசை போடுகிறது. தடுப்பின் இரண்டு பக்கமும் சேர்ந்தாற்போல் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான். எங்கள் கஷ்டத்தை எங்கேயோ வடக்கே இருக்கிற ஒருவன் இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறானே என்று எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் நீர் வந்தது.

கடைசியில் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பஸ் நிற்கிறது. பெண் முக்காட்டை விலக்கி ஒரு வாக்கியம் பேசுகிறாள். மைத்துனர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பஸ் ஒரு வட்டம் அடிக்கிறது. திரை முழுவதும் புழுதி. அவ்வளவுதான், முடிந்தது. கதவுகளைத் திறந்துவிட்டார்கள்.

இங்கே எங்கள் அப்போதைய நிலைமையைச் சொல்ல வேண்டும். எங்காத்துக்காரருக்கு நைரோபியில் ரயில்வே உத்தியோகம் ஆகியிருந்தது. அமீர் பாயிடம் கோட்டுக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. எனக்குப் போக இஷ்டமில்லை. சமையலறையில் அழுவேன், கூடத்துக்கு வரும்போது முகத்தைத் துடைத்துக்கொள்வேன். "வருகிறாயா?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை. "ட்ரங்குப் பெட்டி ரெண்டு போறுமா?" என்றுதான் கேட்டார்.

படம் விட்டு, தூங்கிப்போன வத்சுவைத் தோளில் போட்டுக்கொண்டு மாட வீதி வழியாக மந்தைவெளிக்கு நடந்தோம். எங்கள் ஒரே பெண், அப்போது ஆறு வயது. அமீர் பாயும் கொஞ்ச தூரம் கூட வந்தார்.

"இன்னா சாமி, கடைசியா அந்தப் பொண்ணு சொல்லிச்சே, கேட்டுக்கினியா? 'எம் புருசன் வூடு எம்மாந்தூரத்துல இருந்தாலும் சரி, என்னை அங்க கொண்டாந்து உடுங்க'ன்னுது. அதான் பொம்பளை."

பாய் திரும்பிப் போனதும் அவர் என்னைப் பார்த்தார். "கேட்டியோல்லியோ? எவ்வளவு தூரமானாலும் சரிங்கறா."

"அவ எங்க அப்படிச் சொன்னா? பங்கஜம் எங்கிட்ட வார்த்தைக்கு வார்த்தை சொன்னாளே. 'இத்தனை பேர் இத்தனை புத்தி சொன்னேளே, நான் எங்க போகணும்னு என்னை ஒருத்தராவது கேட்டேளா'ன்னு கேக்கறா."

"பங்கஜத்துக்கு என்ன தெரியும்? அது புஸ்தக ஹிந்தி."

"பாய்க்கு ஆம்பளை ஹிந்தி."

அவள் வாயைத் திறந்து மூடிய நேரத்துக்குள் இவ்வளவு நீள வாக்கியம் எப்படி அடங்கிற்று என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஹிந்தி சுருக்கமான பாஷை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் கப்பலேறினோம்.

3

மொம்பாஸாவில் இறங்கியதும் ஓர் ஆபீஸில் நிறுத்தினார்கள். எங்காத்துக்காரர் சாமான்களைப் பார்க்கப் போயிருந்தார். மேஜைக்குப் பின்னாலிருந்த துரை என்னிடம் என் புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். ஆனால் பெயரைச் சொல்ல முடியுமா? இந்தக் குறிப்பிலேயே நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துரை மறுபடி கேட்டார். புருஷன் பெயர் தெரியாத பெண்டாட்டி உண்டா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மாமனார் பெயரையாவது சொல்லச் சொன்னார்கள். அதுவும் சொல்லக் கூடாத பெயர்தான். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற வத்சு நிமிர்ந்து பார்த்து, அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் கணீரென்று ஒப்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். எங்களை வெளியே விட்டார்கள்.

அன்றிலிருந்து இந்த ஊரில் என் வாய் அவள்தான். கறிகாய்க்காரனிடம் சுவாஹிலி, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் ஹிந்துஸ்தானி, தபாலாபீஸில் இங்கிலீஷ், எல்லாம் அவள் மூலமாகத்தான். நானும் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். பஞ்சாபி அம்மாள் தன் பிள்ளைகளை வைகிற பாஷை எனக்கு நன்றாகவே வரும்.

வந்த வினை இதில்தான். வத்சுவுக்கு இப்போது பத்து வயது. "அம்மா, மாஜி குடு" என்று தண்ணீர் கேட்கிறாள். கணக்கை ஹிந்துஸ்தானியில் எண்ணுகிறாள். சமைத்தாயிற்றா என்று அவர் என்னைக் கேட்டால், நான் சொல்வதற்குள் "பாடோ" என்று அவளே அப்பாவிடம் சொல்கிறாள். இன்னும் இல்லை என்று அர்த்தம். அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் அவள் தூக்கத்தில் சுவாஹிலியில் யாரோடோ வாதாடினாள். அது அவரை உலுக்கிவிட்டது.

"கனவுலயாவது தமிழ் வரப்படாதா?" என்றார். அவர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கும் கோபிக்கத் தோன்றவில்லை.

மறு வாரமே முடிவு பண்ணிவிட்டார். மயிலாப்பூரில் அவருடைய அண்ணா மன்னி வீட்டில் இருந்துகொண்டு வத்சு படிக்க வேண்டியது. மொம்பாஸாவிலிருந்து ஊருக்குக் கப்பலேறும் ஒரு குடும்பம் கூட்டிப்போகச் சம்மதித்தது. ஆபீஸில் விசாரித்ததில், சட்டம் கடுமையாகிவிட்டதாகவும், நெடுநாள் வெளியே இருந்தால் திரும்பி வர அனுமதி கிடைப்பது கஷ்டம் என்றும் சொன்னார்கள். அவரோ, "படிச்சு முடிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் கெஞ்சினேன், வாதாடினேன், ஒரு வேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தேன். கல்லுளிமங்கன் மாதிரி இருந்துவிட்டார். வத்சுவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து ட்ரங்குப் பெட்டி வெளியே வந்ததைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள். அன்று முதல் பேச்சைக் குறைத்துவிட்டாள். பஞ்சாபி சிநேகிதி வந்து கூப்பிட்டால்கூட விளையாடப் போகவில்லை.

4

அந்தச் சமயத்தில்தான் கரி பஸ் வந்து சேர்ந்தது. "வாங்கோ, மூணு பேருமா போகலாம்" என்று அவரே கூப்பிட்டார். ஊருக்குப் போகும் குழந்தையை ஒரு சினிமாவுக்கு அழைத்துப் போன திருப்தி வேண்டுமென்று நினைத்திருக்கலாம். "நம்ம கேஸ் இன்னிக்குத் தீந்துடும். வத்சுதான் ஜட்ஜ்" என்றார்.

இந்த ஊர்க் கொட்டகையில் தடுப்பு கிடையாது. வத்சு நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஹிந்திப் படத்தை அவரும் நானும் ஒரே வாயால் கேட்டது அன்றுதான்.

படம் பழசாகி, திரையில் கோடு கோடாக மழை பெய்தது. ஆனால் என்ன படம்! சென்னையில் நான் பார்த்தது பாதிதான் என்று இப்போது தெரிந்தது, மீதிப் பாதி பங்கஜம். மைத்துனர்கள் பேசிக்கொள்ளாமல் ஒரே பீடியைப் பிரயாணி மூலமாகக் கைமாற்றிப் பிடிக்கிறார்கள். பாலத்துக்கு மேல் பஸ்ஸை ஏற்றிவிட்டு எல்லாரும் ஓய்ந்து நிற்கும்போது அது தானாகப் பின்னால் இறங்கிப் போகிறது, எருமையோடு. அதைத் துரத்திக்கொண்டு ஒருவரும் ஓடுவதில்லை. உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார்கள். அவசரப்படாமல் சிரிக்கவைக்கத் தெரிந்த கை அது. எவ்வளவு பேரைக் கேலி செய்தாலும் அந்தப் படம் யாரையும் கேவலமாகப் பார்க்கவில்லை, எருமையைக்கூட.

முதலில் வத்சு உம்மென்றுதான் இருந்தாள். எருமைக்கு அரை டிக்கெட் கொடுத்ததும் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு வாய் ஓயவில்லை.

"அப்பா, இந்த மாமா அந்த மாமாவோட பேசமாட்டாராம். நடுவுல உக்காந்துண்டிருக்காரே, அவர் பாவம் கபீசா. அவருக்கு மாஜி வேணும், ரெண்டு பேரும் குடுக்கவிடமாட்டேங்கறா."

கபீசா என்றால் சுவாஹிலியில் 'ரொம்ப'. இப்படி எல்லாப் பாஷையும் கலந்துதான் வந்தது. ஆனால் கதை சொல்லும் தினுசு இருக்கிறதே, அது சாக்ஷாத் பங்கஜம். அதே மாதிரி தான் முதலில் சிரித்துவிட்டு, நம்மை ஒரு விநாடி தவிக்கவிட்டு, பிறகு சொல்வது. வைத்தியர் சொல்லாத மருந்தையெல்லாம் அவர் பேரில் சேர்த்துச் சொன்னாள். எங்காத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். இந்தச் சிரிப்பை இன்னும் சில நாளில் கப்பலேற்றப் போகிறோமே என்று நான் படத்தை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கட்டம் வந்தது. பாதை பிரியும் இடம். பெண் முக்காட்டை விலக்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமாகச் சண்டை போட்ட வாக்கியம் என் காதிலேயே நேராக விழுந்தது.

'ஜூத்தி' என்றாள். பஞ்சாபி அம்மாள் தினம் பத்துத் தரம் கையில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற சாமான் அது. செருப்பு. என் செருப்பு டீக்கடையிலேயே நின்றுவிட்டது, வண்டியைத் திருப்புங்கள். இதுதான் அவள் சொன்னது. புருஷன் வீடும் இல்லை, என்னைக் கேட்டீர்களா என்பதும் இல்லை. உடனே டிரைவர் திரும்பி, 'எந்தக் கடை?' என்று மைத்துனனை நேராகக் கேட்கிறான். அவனும் நேராகப் பதில் சொல்கிறான். சண்டையை மறந்துபோனார்கள். அவளுக்கு வேண்டியது ஒரு ஜோடிச் செருப்பு. வழி நெடுக அவளுக்குப் புத்தி சொன்ன உலகம் முதல் தடவையாக அவளுக்காகத் திரும்புகிறது. அமீர் பாய் சொன்னதைவிடவும் பங்கஜம் சொன்னதைவிடவும் இது எவ்வளவு பெரிய வாக்கியம்! படம் எடுத்தவனுக்கு அங்கேயே மனசுக்குள் நமஸ்காரம் செய்தேன்.

அப்படியானால் அவர்கள் இருவரும் ஏன் மாற்றிச் சொன்னார்கள்? உருதுக்காரரான பாய்க்கு ஜூத்தி புரியாமலா இருந்திருக்கும்? கோட்டுத் தைத்த மனிதர், வாடிக்கைக்காரரின் மனசையும் அளவெடுத்திருப்பார். பங்கஜம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அழுகையைக் கேட்டவள்.

"என்னடி சொல்றா?" என்று அவர் கேட்டார்.

வத்சு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரையில் பஸ் வட்டமடித்துக் கொண்டிருந்தது.

"'இத்தனை பேர் இத்தனை புத்தி சொன்னேளே, நான் எங்க போகணும்னு என்னை ஒருத்தராவது கேட்டேளா'ன்னு கேக்கறாப்பா."

நான் நாலு வருஷமாக எங்கள் வீட்டில் சொல்லி வந்த வாக்கியம். ஓர் எழுத்தும் குறையவில்லை. சுவாஹிலி இல்லை, ஹிந்துஸ்தானி இல்லை. சுத்தமான மயிலாப்பூர்த் தமிழ்.

அவர் என்னை எட்டிப் பார்த்தார். "சரி, நீதான் ஜெயிச்சே" என்றார். எனக்கு வாய்வரைக்கும் ஜூத்தி வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

5

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. யூகலிப்டஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் நடந்தோம். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார். அப்படிப் போனால் யோசிக்கிறார் என்று அர்த்தம். குவார்ட்டர்ஸ் திரும்பும் இடத்தில் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்.

"வத்சு, நோக்கு மெட்ராஸ் போகணும்னு இருக்கா?"

அவள் என் கையை விட்டுவிட்டு அவரெதிரில் போய் நின்றாள்.

"இல்லப்பா."

"பெரியம்மா நன்னாப் பாத்துப்பா. அங்க எல்லாரும் தமிழ் பேசுவா."

"நான் இங்கயே பேசறேன்."

நான் கபாலீசுவரரை ஒரு தரம், கற்பகாம்பாளை ஒரு தரம் கூப்பிட்டேன். "சரி, அப்போ இரு" என்று சொல்லி அவள் தலையில் கையை வைத்தார். வீட்டுக்குப் போய்ச் செய்த முதல் காரியம், பெட்டியைக் காலால் தள்ளிக் கட்டிலுக்கடியில் விட்டதுதான். மறுநாள் மொம்பாஸாவுக்குச் சொல்லி அனுப்பினார். இப்போது தினமும் விளக்கு வைத்ததும் அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து தமிழ் வாசிக்கிறார்கள். தண்ணீர் இன்னும் மாஜிதான். அவரே இரண்டு தரம் அப்படிக் கேட்டுவிட்டார்.

இதெல்லாம் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவர் வத்சுவின் தலையிலிருந்து கையை எடுத்ததும், அடுத்தபடி என் பக்கம் திரும்புவார் என்று நான் நின்றேன். ஒரு கேள்வி கேட்கத் தெரிந்துகொண்ட மனிதர், அதை முதலில் கேட்டிருக்க வேண்டிய இடத்திலும் ஒரு தரம் கேட்பார் என்று நினைத்தேன். திரும்பத்தான் திரும்பினார். "ஆத்துல மோர் இருக்கோல்லியோ?" என்றார். பெற்ற பெண்ணிடம் எனக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இதை நான் எழுதி அனுப்புகிற நம்மூர்ப் பத்திரிகை கப்பலில் இங்கே வந்து சேர நாளாகும். வந்தால் கட்டைப் பிரிக்கிறவர் அவர்தான், எனக்கு எப்போதும் இரண்டாம் கைதான். ஆகவே இதை முதலில் படிக்கப் போகிறவரும் அவரே. ஜூத்தி விஷயம் வெளியாகிவிடும். ஆகட்டும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து வத்சு அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். மொம்பாஸா குடும்பமும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

படித்து முடித்துவிட்டு, கேட்க வேண்டியவர் என்னையும் கேட்கட்டும். பதில் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. நேரில் கேட்டால் சொல்வேன்.